விலாசத்துக்குக் காவல்

அந்த வருஷம் முழுக்க என் அண்ணன் வீட்டுக் கதவு ஒழுங்காகச் சாத்திக்கொள்ளவில்லை. தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடான லயத்தில், ஓர் அறைக் காம்பராவின் பழைய பலகைக் கதவு அது. ஒரு வாரம் மேல் மூலை நிலையில் இடிக்கும்; அண்ணன் கத்தி எடுத்துச் சீவி விடுவார். அடுத்த வாரம் கீழ் மூலை தரையில் உராயும், அதையும் சீவுவார். கதவில் ஒரு கோளாறும் இல்லை. சுவர் நகர்ந்துகொண்டிருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நாங்கள் கதவைப் பற்றித்தான் பேசினோம்.

“மழைக்குப் பலகை ஊதிக்கிச்சு புள்ள. வேற ஒண்ணுமில்ல.”

“பலகை ஊதும் அண்ணே, சரி. சுவருமா ஊதும்? அந்த வெடிப்புல என் கையே போகுது, பாருங்க.”

“டவுன்ல இருந்து வந்தாலே நீ இப்பிடித்தான், எதையாவது நோண்டிக்கிட்டு இருப்ப. தேத்தண்ணி ஆறுது, குடி.”

எனக்கு வாய்க்குப் பூட்டுக் கிடையாது என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். அந்த வருஷம் அந்த வாயால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.

நான் கண்டி மாவட்டத்துக் கம்பளையில் இருக்கிறேன். ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் நோயாளிகளுக்கு நம்பர் கொடுத்து, மருந்து கட்டிக் கொடுப்பது என் வேலை. அண்ணன் நாங்கள் பிறந்த தோட்டத்திலேயே இருந்தார். கம்பளையிலிருந்து மலைக்கு ஏறும் பஸ்ஸில் கடைசி வரைக்கும் போய், அங்கிருந்து தேயிலைக்குள்ளே நடக்க வேண்டும். அண்ணி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். லயத்தில் அண்ணனும் அவருடைய ஒரே மகளும்தான். மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தாள். டாக்டராக வேண்டும் என்று அவள் சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணன் அதை பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்லுவார்.

“டாக்டர் மருமக வந்தா உனக்குத்தான லாபம், மருந்து சும்மா கெடைக்கும்ல,” என்று என்னிடம் சிரிப்பார். எனக்கு ஒரு மகன் இருக்கிறான், அதனால் வந்த கேலி. அவள் “சும்மா இருங்கப்பா” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

தோட்டத்தை ஓர் ஓடை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு கரை கண்டி மாவட்டம், மறு கரை நுவரெலியா மாவட்டம். அண்ணனின் லயமும் அவள் படித்த பள்ளிக்கூடமும் நுவரெலியாக் கரையில் இருந்தன. எங்கள் சிறு வயதில் அது துணி துவைக்கிற ஓடை, அவ்வளவுதான். அதைத் தாண்டினால் மாவட்டம் மாறும் என்று யார் கண்டது?

வெளியில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் நாட்டில் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளை எடுப்பது உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியைப் பார்த்து. ஒரு பங்கு இடம் நாடு முழுவதற்கும் பொது. பெரும் பங்கு மாவட்ட வாரியாகப் பிரிக்கப்படும். பின்தங்கிய மாவட்டங்களுக்கு அதற்கு மேலும் கொஞ்சம் உண்டு. நுவரெலியா பின்தங்கிய மாவட்டம், கண்டி அப்படியில்லை. ஆகவே மருத்துவத்துக்குக் கண்டியில் வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்க எடுக்க வேண்டிய குறைந்த புள்ளி, ஏறி நிற்கும். நுவரெலியாவில் சற்று இறங்கி நிற்கும். அந்த இறக்கத்தில்தான் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் கால் வைத்து ஏற முடியும். இது லயத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் மனப்பாடம்.

அவள் உயர்தரத்தில் இருக்கும்போதுதான் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விட்டது. முதலில் ஆட்கள் களிமண் போட்டு மூடினார்கள். அடுத்த மழைக்கு அது மறுபடி வாய் திறந்தது. பிறகு லயத்தின் பின்னால், ஒரு நாளும் ஊற்று இல்லாத இடத்தில் தண்ணீர் கொப்பளித்து வந்தது, அதுவும் கலங்கலாக. மண்ணைப் பரிசோதிக்கிற அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். சுவரில் சிவப்பு அடையாளம் போட்டுவிட்டு, இங்கே இனி யாரும் குடியிருக்கக் கூடாது என்று சொல்லிப் போனார்கள். போகும்போது மழை அளக்க அண்ணனிடம் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்தார்கள். அதில் ஒரு கோடு; அதற்கு மேலே தண்ணீர் வந்தால் ஓடிவிடு என்று பொருள்.

லயத்து ஆட்களுக்குப் புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். தனித்தனி வீடு, தகரம் இல்லை, ஓடு போட்டது. எங்கள் ஆட்கள் காலங்காலமாகக் கேட்டுக் கெஞ்சிய வீடு. அண்ணனுக்கும் ஒன்று கிடைத்தது. அங்கிருந்தும் அதே பள்ளிக்கூடத்துக்கு ஓடைப் பாலத்தைத் தாண்டி நடந்தே போய்விடலாம். ஒரே ஒரு பிரச்சினை. புது வீடுகள் கண்டிக் கரையில் இருந்தன.

எல்லோரும் சட்டி பானையோடு போனார்கள். நாய்களும் கூடவே போய்விட்டன. அண்ணன் போகவில்லை.

“இப்ப வீடு மாறுனா விலாசம் கண்டி ஆயிரும் புள்ள. விலாசம் கண்டி ஆனா இவ கண்டி டவுன் புள்ளைங்களோட போட்டி போடணும். முடியுமா? நீயே சொல்லு.”

“உசிரு இருந்தாத்தான அண்ணே போட்டி? தலைக்கு மேல வெள்ளம் போகுது, சாணா முழமான்னு கணக்குப் பாக்குறீங்க.”

“இன்னும் கொஞ்ச நாள்தான? பரீட்சை முடியட்டும். மலை இத்தனை வருசம் நின்னுச்சு, இவளுக்காக இன்னும் கொஞ்சம் நிக்காதா?”

எனக்குக் கோபம் தலைக்கேறும். ஆனால் அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் அவரை முட்டாள் என்று நினைப்பீர்கள். என் மகனை முதலாம் ஆண்டுக்குக் கண்டி டவுனில் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக நாங்கள் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அருகில் வாடகைக்கு இருந்தோம். அப்படிச் சேர்ப்பதற்கு, உண்மையிலேயே அங்கேதான் குடியிருக்கிறோமா என்று வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். எங்கள் வீட்டுக்கும் காலையில் திடீரென்று வந்தார்கள். அலுமாரியைத் திறந்து உடுப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஓர் ஆள் குசினிக்குள் போய் அடுப்பில் கை வைத்துச் சூடு பார்த்தார். தோட்டத்திலிருந்து மரக்கறி கொண்டு வந்திருந்த அண்ணன் அன்று ஒரு கதிரையின் நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பிள்ளையின் முதலாம் ஆண்டுக்கே அடுப்பைத் தொட்டுப் பார்க்கிறவர்கள், டாக்டர் படிப்புக்கு எதைத்தான் தொட்டுப் பார்க்க மாட்டார்கள்? அவர் மனதில் அது அப்படியே ஊறிவிட்டது.

அதற்கு மேல் ஒரு பெட்டிசன் கதையும் வந்து சேர்ந்தது. கண்டியில் இருந்த ஒரு பையன் நுவரெலியாக் கணக்கில் பரீட்சை எழுதி, இடமும் கிடைத்து, யாரோ பெட்டிசன் போட்டதில் அந்த இடம் பறிபோனதாம். “வீடு கண்டியில இருந்துச்சாம், கண்டுபிடிச்சிட்டாங்களாம்” என்றுதான் தோட்டத்தில் பேச்சு. அதைக் கேட்ட நாளிலிருந்து அண்ணன் புதிதாக யாராவது தேயிலைக்குள் நடந்து வந்தாலே எட்டிப் பார்ப்பார்.

“அண்ணே, ஏதாவது ஆபீஸ்ல போய் ஒரு வார்த்தை கேட்டுப் பாப்போமே. வீடு மாறுனா என்ன ஆகும்னு.”

“ஐயோ சாமி, அது மட்டும் வேணாம். கேட்டா நாம கண்ணுல படுவோம். சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.”

எங்கள் ஆட்களுக்கு ஆபீஸில் போய்க் கேள்வி கேட்பது என்றால் இன்றைக்கும் குலை நடுங்கும். இந்தியாவிலிருந்து எப்போது வந்தாய், எந்தத் தாளில் உன் பெயர் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டே எங்கள் முன்னோரை நாடில்லாதவர்களாக வைத்திருந்த கதை எல்லா லயத்திலும் உண்டு. ஆகவே நானும் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

இதற்கிடையில் என் வீட்டில் வேறொரு யுத்தம். என் மகன் அதற்கு முந்திய வருஷம் மருத்துவத்துக்கு எழுதிக் கண்டி வெட்டுப்புள்ளியில் கொஞ்சத்தில் தவறவிட்டான். மறுபடி எழுதப் படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய புள்ளி நுவரெலியாவில் என்றால் தாராளமாகப் போதும். அது அவனுக்கு நெஞ்சில் முள்.

“ஒரே பேப்பர், ஒரே நாள், ஒரே நேரம். எனக்கு ஒரு கணக்கு, அவளுக்கு ஒரு கணக்கா? சட்டத்துக்கு முன்னால எல்லாரும் சமம்னு படிச்சுக் குடுத்தாங்களே, அது சும்மா பாடமாக்கவா?”

“உனக்குப் பாடத்துக்கு ஒரு டியூசன் போட்டோம்டா. அவ பள்ளிக்கூடத்துல பௌதிகவியல் வாத்தியாரு மாத்தலாகிப் போனா, அடுத்தவர் வர்ற வரைக்கும் புள்ளைங்களே ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக் குடுத்துக்கிதுங்க. நீ கரண்டு போனாலே புத்தகத்த மூடிட்டுப் படுத்துர்ற.”

“அதுக்கு நான் என்னம்மா செய்ய? அவ ஸ்கூலுக்கு வாத்தியார் குடுக்கட்டும். என் சீட்ட ஏன் குடுக்கணும்?”

பதில் சொல்ல வாய் திறந்தால் என் கணவர் குறுக்கே வருவார். அவர் மடுல்கெல்லத் தோட்டத்தில் பிறந்தவர். “மடுல்கெல்ல எந்த மாவட்டம்? கண்டி. எங்க அக்கா புள்ளைங்க லயத்துல இல்லாம பங்களாவுலயா படிச்சதுங்க? அதே கூரை, அதே குளிரு. ஆனா அதுங்க போட்டி போட்டது கண்டி டவுன் பெரிய ஸ்கூல்காரங்களோட. கோடு போட்டவன் தோட்டத்தையா பாத்துப் போட்டான்?” என்பார். சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியைச் சத்தமாக வைப்பார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எனக்கு எரிச்சல்தான் வரும், ஏனென்றால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு நான் யாருக்கும் எதுவும் செய்ய முடியாது.

டிஸ்பென்சரியில் டாக்டரிடமும் ஒரு நாள் எங்கள் ஓடைக் கதையைச் சொல்லி, இது நியாயமா என்று கேட்டுவிட்டேன். கம்பளையில் பரம்பரையாகக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை அவர், நல்ல மனுஷன்.

“தங்கச்சி, எங்க வாப்பா கடை போட்ட எடம் கண்டி மாவட்டம். அதனால நான் ரெண்டாம் தரமும் எழுதித்தான் எடுபட்டேன். அப்ப எனக்கும் வயிறெரிஞ்சிச்சு. ஒரு ஓடைக்கு இங்கிட்டு ஒரு நியாயம், அங்கிட்டு ஒரு நியாயமா எண்டு.”

“இப்ப என்ன நினைக்கிறீங்க டாக்டர்?”

“தோட்டத்து ஆஸ்பத்திரி வேலைக்கு எங்களோட படிச்ச பெட்ச்ல ஒருத்தரும் போகல. நானும் போகல. அடுத்த நம்பரக் கூப்பிடுங்க.”

இப்படிப் பேசிப் பேசியே அந்த வருஷம் போனது. மலை யாருடைய பேச்சையும் கேட்கவில்லை.

பரீட்சைக்கு முன்னால் ஒரு முறை நான் தோட்டத்துக்குப் போனேன். பகல்தான், ஆனால் மூடுபனியில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. லயம் முழுக்க வெறும் காம்பராக்கள். போனவர்கள் கதவையும் ஜன்னலையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த வரிசையில் அண்ணனின் காம்பராவில் மட்டும் புகை வந்தது. பின்பக்கத்து ஊற்று இப்போது கால்வாயாகவே ஓடியது. மேலே சவுக்கு மரங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன.

மருமகள் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். காலில் சப்பாத்து. புத்தகங்கள் எல்லாம் ஒரு பெரிய பொலித்தீன் பைக்குள்ளே கட்டி, கையெட்டும் தூரத்தில் இருந்தன. எந்தப் புத்தகம் வேண்டுமோ அதை மட்டும் வெளியே எடுப்பாள், படித்ததும் உள்ளே வைத்துக் கட்டுவாள்.

“என்னடி கண்ணு, வீட்டுக்குள்ள சப்பாத்து?”

“ஓட வேண்டி வந்தா கல்லு குத்தும்ல அத்தை.” இருதயத்தின் படத்தில் பென்சிலை வைத்தபடியே சொன்னாள். “மேல சத்தம் கேக்குது. கல்லு உருள்ற மாதிரி இல்ல, என்னமோ பல்லக் கடிக்கிற மாதிரி. அப்பா காத்துன்னு சொல்றாரு.”

“பயமா இருக்கா?”

“பயமா இருக்கு. ஆனா இத்தனையும் பட்டுட்டு இப்ப எந்திரிச்சுப் போனா, பட்டதெல்லாம் சும்மாதான?”

அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை, நான் அழுது முடியும் வரை பொறுமையாக இருந்துவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

பரீட்சை முடிந்தது, மலையும் நின்றது. நான் நேரே போய் அவளைக் கையோடு கம்பளைக்குக் கூட்டி வந்தேன். அண்ணனையும் கூப்பிட்டேன். அவர் வரவில்லை.

“வீட்ட பூட்டிட்டு ரெண்டு பேரும் போனா யாரு இங்க இருக்கான்னு கேப்பாங்கள்ல? அவ சொந்தக்கார வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லலாம். வீட்டுல ஆளு இருக்கணும். வெட்டுப்புள்ளி வர்ற அன்னைக்கே பெட்டியத் தூக்கிட்டு வந்துர்றேன். உங்க வீட்டுல எனக்கு இறைச்சிக் கறி ஆக்கி வையி.”

பரீட்சைப் பெறுபேறு வந்தது. அவளுடைய புள்ளி நுவரெலியாவில் மருத்துவத்துக்கு அநேகமாகப் போதும், கண்டியில் என்றால் போதவே போதாது. என் மகனுக்கு இந்தத் தடவையும் மயிரிழை. அவன் ஃபோனை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போனான். சற்று நேரம் கழித்து வெளியே வந்து, “நல்லா செஞ்சிருக்க” என்று அவளிடம் சொன்னான். அவள் தலை குனிந்து நின்றாள். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள், கூடுதலாக எடுத்தவனுக்கு இடமில்லை, குறைவாக எடுத்தவளுக்கு இடம். யாரைக் கொண்டாடுவது, யாரைத் தேற்றுவது? எனக்கு இருவர் மேலும் பாசம் வந்தது, இருவர் மேலும் கோபமும் வந்தது. கடைசியில் பாத்திரம் கழுவினேன்.

இனிக் காத்திருப்பது வெட்டுப்புள்ளிக்கு. எங்கள் நாட்டில் அது வர மாசக்கணக்காகும். அதற்குள் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. மகாவலி கலங்கி, கம்பளைப் பாலத்தின் கீழே மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு ஓடியது. பெறுபேறு தந்த சந்தோஷம் எல்லாம் அண்ணனுக்குப் பயமாக மாறிவிட்டது. முன்பு நம்பிக்கையைக் காத்தார். இப்போது கையில் கிடைத்ததைக் காத்தார். கையில் கிடைத்தது போய்விடக் கூடாதே என்ற பயம் ரொம்பப் பொல்லாதது.

அண்ணி குவைத்திலிருந்து எனக்கு ஃபோன் எடுப்பார். “உங்க அண்ணன வெளிய வரச் சொல்லுங்க. எனக்குக் கெட்ட கெட்ட கனவா வருது.” நான் அண்ணனுக்கு எடுத்துக் கத்துவேன். மருமகள் ஃபோனை வாங்கி, “அப்பா, எனக்கு டாக்டர் ஆகவே வேணாம், வாங்கப்பா” என்றாள். அதற்கு அவர் முதல் தடவையாக அவளை ஏசினார்.

கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார். பெரிய மழையென்றால், தனக்குக் கிடைத்த வீட்டைத் திறக்காமல், ஓடைக்கு அப்பால், புது வீட்டில் குடியேறிய பக்கத்துக் காம்பராப் பெண்ணின் வீட்டில் போய்ப் படுப்பார். காலையில் லயத்துக்குப் போவார். மழைக் குழாயில் தண்ணீரைப் பார்ப்பார், கொட்டுவார், மறுபடி வைப்பார். எனக்கு ஓரளவு மூச்சு வந்தது.

அது மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு நாள். டிஸ்பென்சரியில் எல்லோரும் ‘அப்பாடா, விட்டுச்சு’ என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பிள்ளைக்குப் பாணி மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்துக் காம்பராப் பெண்ணிடமிருந்து ஃபோன் வந்தது.

“அக்கா, லயம் இல்லக்கா.”

“இல்லன்னா? என்னடி சொல்ற?”

“லயம் இருந்த எடமே இல்ல. மலை வந்து ஓடைய மூடிருச்சு. அண்ணன் காலையில போனாரு. வெயிலுதான் வந்துருச்சேன்னு நான்கூட ஒண்ணும் சொல்லல. அடுப்ப மட்டும் பத்த வச்சிட்டு வந்துர்றேன், பொகை தெரியணும்லன்னு சொல்லிட்டுப் போனாருக்கா…”

அதற்குப் பிறகு அவள் அழுகைதான் கேட்டது. புகை தெரிய வேண்டும். யாருக்குத் தெரிய வேண்டும்? அந்த மலையில் எவன் வந்து பார்த்தான்?

பாதை அடைபட்டிருந்தது. பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சேற்றில் நடந்தோம். மருமகள் எங்கள் எல்லோருக்கும் முன்னால் போனாள். அங்கே போய்ப் பார்த்தால் சிவப்பு மண், பிடுங்கி எறிந்த தேயிலை, ஒரு தகரத் துண்டு. என் மகன் மண்வெட்டியோடு இறங்கினவன் இருட்டும் வரை ஏறவில்லை. ‘மாமா, மாமா’ என்று கூப்பிட்டுக்கொண்டே வெட்டினான். மறுநாள்தான் அண்ணன் கிடைத்தார். அண்ணியால் வர முடியவில்லை. வேலை செய்யும் வீட்டில் விடவில்லை. ஃபோனைப் பிடித்துக் காட்டினோம். அண்ணி அந்தச் சின்னத் திரைக்குள் தலையில் அடித்துக்கொண்டார்.

வெட்டுப்புள்ளி வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. அவளுக்குப் பேராதனையில் மருத்துவ பீடம் கிடைத்தது. என் மகனுக்கு வேறொரு படிப்பு கிடைத்தது. இந்த மாவட்ட முறை நியாயமில்லை என்றுதான் அவன் இன்றைக்கும் சொல்கிறான். நான் அவனோடு வாதாடுவதை விட்டுவிட்டேன். மாமாவைத் தேடி மண்ணை வெட்டிய அதே கைகளோடுதான் அவன் அதைச் சொல்கிறான்.

பதிவு நாளன்று நானும் மருமகளும் பேராதனைக்குப் போனோம். வழியெல்லாம் அவள் ஒன்றையே திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

“விலாசம் கேட்டா என்னத்த அத்தை எழுத? அந்த வீடு இல்லையே.”

“பழசையே எழுது. கேட்டா பாத்துக்கலாம்.”

“பொய் எழுதுனேன்னு இடத்த எடுத்துட்டாங்கன்னா? அத்தை வீட்ட எழுதுனா கண்டி. அப்பவும் எடுத்துருவாங்க.”

வரிசையில் நின்று மேசைக்கு வந்தோம். ஒசரிச் சேலை கட்டிய ஒரு சிங்களப் பெண்மணி இருந்தார். தமிழ் ஓரளவு பேசினார். மருமகளின் தாள்களைப் புரட்டிவிட்டு, இந்த விலாசம் இப்போதும் சரிதானா என்று கேட்டார். மருமகள் என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன்.

“மிஸ், அங்க இப்ப வீடு இல்ல. மண்சரிவுல போயிருச்சு. இவ அப்பாவும் போயிட்டாரு.”

“அனே, பாவம்!” என்றார் அவர். மருமகளின் கையைத் தொட்டார். “அப்ப இப்ப இருக்கிற விலாசம் எழுதுங்க மகள்.”

மருமகள் பேனாவை எடுத்தாள், எழுதவில்லை. “அது கண்டி மாவட்டம் மிஸ்.”

“சரி, அதுக்கு என்ன?”

“நான் நுவரெலியா மாவட்டத்துல எடுபட்டேன்.”

அந்தப் பெண்மணிக்குப் புரியவில்லை. பிறகு புரிந்து, சிரித்தபடி தலையாட்டினார். பயந்த பிள்ளையை ஆறுதல்படுத்துகிற சிரிப்பு.

“பயப்பட வேணாம். மாவட்டம் பார்க்கிறது ஸ்கூல் வச்சுத்தான். கடைசி மூணு வருசம் எந்த மாவட்டத்துல படிச்சது, அது மட்டும்தான். உங்க ஸ்கூல் சரியா இருக்கு. வீடு எங்க இருந்தாலும் பரவாயில்ல. விலாசம் லெட்டர் போடத்தான்.”

“வீட்ட வந்து பாக்க மாட்டாங்களா?” என்று நான் கேட்டேன்.

“எதுக்கு வீட்ட பார்க்கணும்?”

அவர் உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அந்த அம்மாவை அறைய வேண்டும் போலவும், அவர் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. அவர் மேல் ஒரு பிழையும் இல்லை.

“எப்பவுமே இப்பிடித்தானா மிஸ்?” என்று மருமகள் கேட்டாள்.

“நான் வேலைக்கு வந்த நாள்ல இருந்து இப்பிடித்தான் மகள்.”

அவள் குனிந்து எழுதினாள். என் வீட்டு இலக்கம், தெரு, கம்பளை. மாவட்டம் என்ற இடத்தில் கண்டி என்று எழுதினாள். பெண்மணி அதைப் பார்த்து, முத்திரை குத்தி, பின்னால் நின்ற பிள்ளையைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து ஒரு மரத்தடியில் நின்றோம். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அப்போது அவளுடைய ஃபோன் அடித்தது, அண்ணி. சத்தமாகப் பேசுகிற பழக்கம் அவருக்கு, அதனால் பக்கத்தில் நின்ற எனக்கும் எல்லாம் கேட்டது.

“பதிஞ்சாச்சா கண்ணு? விலாசம் கேட்டாங்களா? அத மட்டும் மாத்திராத என்னா. அப்பா உசிரக் குடுத்துக் காத்த விலாசம்மா அது.”

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“மாத்தலம்மா,” என்றாள்.